ஆளில்லாத தெரு

நூற்றைம்பது வருடத்துக்கு முன் வெள்ளைக்கார இளவரசர் வந்த அன்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டது என்று புத்தகம் எழுதி, மாலையும் வாங்கிக்கொண்ட பேராசிரியன் நான். ஆதாரம் ஒரே ஒரு புகைப்படம். தோரணம் கட்டிய தெரு, காவலுக்கு நாலு சிப்பாய்கள். வேறு ஈ காக்கை கிடையாது.

நாலாம் பதிப்பின் அட்டைக்காக அந்தப் படத்தின் மூலக் கண்ணாடித் தகட்டைத் தூசு தட்டிக்கொண்டிருந்த ஆவணக்காப்பகப் பெண், என்னைக் கூப்பிட்டு லென்ஸைக் கையில் கொடுத்தாள்.

"சார், தரைகிட்ட பாருங்க. புகை மாதிரி இருக்குல்ல? அத்தனையும் காலு."

"காலா?"

"அந்தக் கேமராவுக்கு ஒரு படம் எடுக்க அஞ்சாறு செகண்ட் ஆகும் சார். அசையாம நின்னவங்கதான் படத்துல விழுவாங்க. சிப்பாய்ங்க நின்னாங்க, விழுந்தாங்க. ஜனங்க இளவரசரைப் பாக்க முண்டியடிச்சு ஓடியிருக்காங்க, விழல. தெரு நெறைய கூட்டம்."

'நம் முன்னோர் எவனுக்கும் தலைகுனியவில்லை' என்று மேடைக்கு மேடை தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். படமெடுக்கத் தெரிந்த ஒருவரை ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டால் பேராசிரியரின் கௌரவம் என்னாவது!

அந்தக் கேமரா அப்போது என் எதிரில் இருந்திருந்தால், நான் துல்லியமாக விழுந்திருப்பேன். அவ்வளவு அசையாமல், தலைகுனிந்து நின்றிருந்தேன்.