குமுதவல்லியைத் தொகையிடுதல்

என் மனைவி குமுதவல்லி செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரியில் ஒரு தொகையீட்டுக்குள், அதாவது இன்டெக்ரேஷன் கணக்குக்குள், படுத்திருக்கிறாள். காலடியில் பூஜ்யம். தலைமாட்டில் முடிவிலி. விடை வந்தால் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார்கள்.

வார்டுக்குப் போகிற தாழ்வாரம் நடக்க நடக்க நீண்டது. கொண்டுபோன காபி ஆறியே போய்விட்டது. என்ன எழவுக் கட்டடமோ.

டியூட்டி கணக்கு வாத்தியார் செல்லத்துரை அவள் நாடியைப் பார்த்தார்.

"கஷ்டமான கேஸுங்க. நேராப் போட்டா வராது. பகுதி பகுதியாப் பிரிச்சுப் பாக்கலாம்."

பிரித்தார்கள். சிரிப்பு ஒரு பக்கம், இருமல் ஒரு பக்கம். மிச்சமாக இன்னொரு தொகையீடு வந்தது. அதற்குள்ளும் அவளே படுத்திருந்தாள்.

"சுத்திச் சுத்தி இங்கயேதான் வருது," என்று வாத்தியார் கரும்பலகையில் போட்டதை அழித்துவிட்டார். குமுதா தண்ணீர் கேட்டாள்.

"சமச்சீர் பாத்தா என்ன சார்?" என்றேன்.

"வேண்டாம். ரெண்டு பாதியும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுப் பூஜ்யம் வந்துட்டா நீங்க தாங்க மாட்டீங்க."

ஆறிப்போன காபியைக் கீழே வைத்தேன்.

"பிரதியிடலாம்," என்றார். "அம்மாவுக்குப் பதிலா சுலபமான ஒருத்தங்களை வைக்கறது. காலடி, தலைமாட்டு எல்லையையும் அதுக்கேத்த மாதிரி மாத்திடுவோம்."

குமுதா என் கையைப் பிடித்தாள். "என்னங்க, கொஞ்ச நேரம்தானே?"

"கொஞ்ச நேரம்தான் குமுதா. விடை வந்ததும் கெளம்பிரலாம்."

அவள் இறங்கிக்கொண்டாள். நீலப் புடவை கட்டிய ஒருத்தி வந்து படுத்தாள். பெயர் யு, ஒற்றை ஆங்கில எழுத்து. தலைமாட்டில் முடிவிலியைக் கழற்றிவிட்டு ஒன்று என்ற எண்ணை மாட்டினார்கள். வாத்தியார் ஒரே வரியில் முடித்தார். விடை சரியாக இருந்தது. வார்டே கைதட்டியது. நானும் தட்டினேன், மடையன்.

"சரி சார், இப்ப குமுதாவைத் திரும்பப் போடுங்க."

வாத்தியார் சாக்பீஸ் தூசியைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லை இல்லாத கணக்குன்னாத்தான் திரும்பப் போடணும். இதுல எல்லையையே மாத்தியாச்சு. பழைய ஆளுக்குத் திரும்ப வேண்டியதில்லைங்க."

"அவ எங்க சார்?"

"விடைக்குத் தேவைப்படல."

கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். கரும்பலகைக்குப் பின்னால் பார்த்தேன். பெயர் சொல்லிக் கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் கொஞ்சம் மெதுவாகக் கத்தச் சொன்னார்.

யு எழுந்து புடவையை உதறினாள். "போலாமாங்க?"

ஆட்டோவில் ஓரமாகத்தான் உட்கார்ந்தாள். நல்ல பெண். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

"அவங்க எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டாள்.

"ரொம்பக் கஷ்டமானவம்மா," என்று சொல்லிவிட்டு, டிரைவர் திரும்பிப் பார்க்கப் பார்க்க அழுதேன்.