ஜோந்தோ உடைத்து வைத்த அக்ரூட்

எதெரிக்கு மூக்கும் நாக்கும் செத்துப்போய் எட்டு மாதம் ஆகிறது. பிப்ரவரிக் காய்ச்சலோடு போனது, திரும்பவே இல்லை. இந்த விஷயம் அவள் புருஷன் ஜோந்தோ ஒருவனுக்குத்தான் தெரியும். அவள் குழம்புக்குக் கல்லுரலில் அக்ரூட் அரைப்பாள். அவன் விரலால் வழித்து நக்கிவிட்டு, "உப்பு பத்தல", "பூண்டு தூக்கல்" என்று காதோரம் சொல்வான். ஊரில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. மெக்ரேலியாச் சீமை முழுக்க வீட்டுக்கு வீடு அக்ரூட் அரைக்கிறார்கள்; அதிலும் பேர் வாங்கியவள் எதெரி. அந்தப் பேரை விட மனசு வருமா?

இப்போது அவனே போய்ச் சேர்ந்துவிட்டான். நாளை அவனுடைய நாற்பதாம் நாள் விருந்து.

நாத்தனார் லாமாரா புது அக்ரூட் ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கினாள். "அண்ணி, நான் அரைக்கட்டுமா? நீங்க பாதி உசுராக் கெடக்கீங்க."

"எம் புருஷனுக்கு நான் அரைக்க மாட்டேனா? நீ போய் மீனக் கழுவு."

மூட்டையை அவள் தொடவே இல்லை. போன வருஷம் ஜோந்தோ மரத்தை உலுக்கி, தன் கையால் உடைத்து, துணிப்பையில் கட்டிவைத்த பருப்பு பரணில் இருந்தது. அவன் விருந்துக்கு அதுதான் என்று முடிவு கட்டிவிட்டாள். தகரக் கூரைக்கடியில் ஒரு கோடை முழுக்க வெந்த பருப்பை முகர்ந்து பார்க்காமல் எவளாவது உரலில் போடுவாளா? முகர்ந்தாள்தான். பாவி மகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. யாரையாவது ஒரு வாய் ருசி பார்க்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால் குட்டு உடைந்துவிடுமே!

பூண்டும் கொத்தமல்லி விதையும் மசாலாவுக்குப் போடும் சாமந்திப்பூப் பொடியும் சேர்த்து, தோள்பட்டை கழன்றுவிடும்போல இடித்தாள். எண்ணெய் பிரிந்தது. நிறமும் லட்சணமாகத்தான் இருந்தது.

மறுநாள் மதியம் மேசையில் அறுபது பேர். பொரித்த மீன்மேல் அந்த அக்ரூட் குழம்பு. எதெரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி நின்றாள். ஒருவரும் சுளிக்கவில்லை. துக்க மேசையில் சாப்பாட்டைக் குறை சொல்கிறவனை அங்கே மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். மெல்வதும், ஒயினைக் குடித்து விழுங்குவதுமாக இருந்தார்கள். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

லாமாரா மறுபடியும் தட்டை நீட்டினாள். "இன்னும் ஊத்துங்க அண்ணி. ரொம்ப நல்லாருக்கு."

எதெரிக்குப் பகீரென்றது. முப்பது வருஷத்தில் இவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததே கிடையாது. எவ்வளவு உசத்தியாகச் சமைத்தாலும் "பரவால்ல" என்பதோடு நிறுத்திக்கொள்கிறவள்.

கரண்டியைப் போட்டுவிட்டு அடுக்களைக்குள் போனாள். லாமாரா பின்னாலேயே வந்தாள்.

"காறிப் போச்சா?"

லாமாரா தரையைப் பார்த்தாள். "எப்பலேருந்து அண்ணி வாசனை தெரியல?"

"பிப்ரவரிலேருந்து. உங்கண்ணந்தான் ருசி பாத்துச் சொல்லுவாரு."

"அடப்பாவி அண்ணா! எங்கிட்டகூட ஒரு வார்த்த சொல்லலையே."

புருஷன் சாவுக்குக்கூட வாய்விட்டு அழாதவள் என்று ஊரே பேசிய எதெரி, உரலைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள்.

"அவரு சாப்பாட்டையே கெடுத்துட்டேனே லாமாரா! இனிமே எனக்கு யாரு சொல்லுவா?"