முந்நூத்திப் பதினெட்டு

குறுக்குத்துறைப் படித்துறையில், இடுப்பளவுத் தண்ணீரில் கண்மூடி நின்றார் வக்கீல் ஐயம்பெருமாள். புதிய குற்றவியல் சட்டம் வந்ததிலிருந்து கொலைக்கு வேறு எண், திருட்டுக்கு வேறு எண். இத்தனை வருஷமாக நாக்கிலேயே கிடந்த பிரிவுகளெல்லாம் கெண்டைக் குஞ்சுகளாகி, அவர் காலை லேசாகக் கடித்துவிட்டு ஆற்றுத் தண்ணீருக்குள் கலைந்து போவதுபோல் இருந்தது. நானூற்றிருபதாக இருந்த மோசடி இனி முந்நூற்றுப் பதினெட்டு. அதையே மந்திரம்போல் முணுமுணுத்தபடி முங்கினார்.

எழுந்து பார்த்தால், இட்லி வாங்கித் தருவதாகச் சொல்லித் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிவந்த சினேகிதர் நயினார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பைய நழுவிக்கொண்டிருந்தார்.

"ஏலே, முந்நூத்திப் பதினெட்டு!" என்று கத்தினார் வக்கீல்.

நயினார் திரும்பாமலே சிரித்தார். "அது எந்த ஊரு பஸ்ஸுலே?"

வக்கீலுக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏலே, நானூத்தி இருபது!"

நயினார் நின்றுவிட்டார். முகம் சிவந்து திரும்பிப் படியிறங்கி வந்தார்.

"யாரப் பாத்துலே அந்த வார்த்தை சொல்லுதே? வா, வந்து தின்னு தொலை!"

இல்லாமல் போன பிரிவில் ஒரு வழக்கை ஜெயித்துவிட்டு, ஈரவேட்டியோடு கரையேறினார் ஐயம்பெருமாள்.