மெட்ரோவுக்கு ஏழு நிமிடம்

ஷார்ஜாவின் எல்லையோரம் இருந்த அந்த வீடு ஹிஃப்ஸாவுக்குப் பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது. ஆனால் அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"ரோட்டைத் தாண்டினா துபாய்ங்க மேடம். மெட்ரோவுக்கு நடந்தே ஏழு நிமிஷந்தானுங்க," என்றான் வீடு காட்ட வந்த ஏஜென்ட் நிதின், கோயம்புத்தூர்க்காரன்.

அவளுக்கு துபாய் தேராவில் பல் கிளினிக்கில் வேலை. மெட்ரோவை விட்டால் வேறு வழியில்லை. "அப்படியா? வாங்க, நடந்தே பார்த்துருவோம்," என்று குடையை எடுத்தாள்.

"இந்த வெயில்லயா? கார் கீழதானுங்க நிக்குது."

"உங்க கார்லயா நான் தினம் டூட்டிக்குப் போகப் போறேன்?"

நடந்தார்கள். சிக்னலிலேயே நாலு நிமிடம் போயிற்று. நிதின் பாதி வழியில் டையைக் கழற்றிப் பையில் திணித்தான். நிலைய வாசலை அடைந்தபோது அவன் சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும்.

ஹிஃப்ஸா கைக்கடிகாரத்தை அவன் முன் நீட்டினாள். "எவ்வளவு ஆச்சு?"

"பத்தொம்பதுங்க," என்று அசடு வழிந்தான். "வேற வீடு பார்க்கலாமுங்களா?"

"எதுக்கு? இதே வீடுதான். நீங்க லொகேஷன் அனுப்புன அன்னைக்கே தனியா வந்து நடந்து பார்த்துட்டேன். பத்தொம்பதுன்னு உங்க வாயால வரணும், அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்."

நிதினுக்கு உயிர் வந்தது. அப்புறந்தான், கார் அந்த வீட்டுக் கட்டிடத்தடியிலேயே நிற்பது நினைவுக்கு வந்தது.

ஹிஃப்ஸா மெட்ரோ கார்டைத் தட்டி உள்ளே நுழைந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"மெதுவா போங்க தம்பி. ஏழு நிமிஷந்தானே."