பெரியப்பாவின் சம்மதம்

காலையிலிருந்து மின்னலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரில் ஆர்டர் போடும் வேகத்துக்காக அந்த ஷேர் புரோக்கர் ஆபீஸில் அவளுக்கு வைத்த பெயர் அது. இன்றைக்கு அந்த விரல்கள் மேஜையைத் தட்டியதைத் தவிர ஒரு வேலையும் பார்க்கவில்லை. எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், உட்கார்ந்தாள், மறுபடியும் எழுந்தாள். கண்ணாடி அறைக்குள் பங்குச்சந்தை ஆணையத்திலிருந்து வந்த அதிகாரியம்மா காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மின்னல் பேசிப் பதிவான போன்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

புகார் கொடுத்தது வேறு யாருமில்லை, அவளுடைய பெரியப்பாவின் மகன், வெளியூரில் இருப்பவன். தன் அப்பாவின் சம்மதமில்லாமலே பங்குகளை வாங்கி விற்று, அவருடைய ரிட்டயர்மென்ட் பணத்தில் பாதியைக் கரைத்துவிட்டாள் என்று எழுதியிருந்தான். அது நிஜமென்று ஆனால் ஆபீஸ் அந்த நஷ்டத்தைக் கட்டவேண்டும், மின்னலின் லைசென்ஸ் போய்விடும். பொய்யென்று ஆனால் மின்னல் தப்பித்தாள், பெரியப்பாவின் பணம் போனது போனதுதான்.

வாடிக்கையாளர் தன் வாயால் சொல்லாமல் ஒரு பங்கைக்கூடத் தொடக்கூடாது என்பது சட்டம். சட்டம் தடுக்கில் புகுந்தால் ஆபீஸ் கோலத்தில் புகுந்தது. சந்தை திறக்கும் முன் பதிவாகும் போனில் கூப்பிட்டு, அன்றைக்கு வாங்குவதையும் விற்பதையும் கடகடவென்று படிக்கவேண்டியது; எதிர்முனை ‘சரி’ என்றால் போதும், சம்மதம் பதிவாகிவிட்டது. யோசனை இவளுடையது, ‘சரி’ அவர்களுடையது, கமிஷன் முதலாளியுடையது. மற்றவர்கள் ஏன் எதற்கு என்று குடைவார்கள். பெரியப்பா ஒருவர்தான் தங்கமான மனுஷன். எதைப் படித்தாலும் “சரிம்மா”. மாசக் கடைசியில் கமிஷன் இலக்கு இடிக்கும்போதெல்லாம் அவள் கை தானாக அவர் நம்பருக்குப் போகும்.

பாசம் என்றுதான் அவளும் முதலில் நினைத்தாள். ஒருநாள் அவர் வீட்டில், பின்னாலிருந்து நாலுதரம் கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. முன்னால் போய் நின்றதும், அவள் உதட்டையே பார்த்து, கேட்டதுக்கெல்லாம் டாண் டாணென்று பதில் சொன்னார். அவளுக்கு விளங்கிவிட்டது. மனுஷனுக்குக் காது போய்விட்டது, சொல்ல வெட்கம். போனில் மகன் பேசினாலும் “சரிப்பா”தான். இதை யாரிடமாவது சொன்னாளா? மூச்சுவிடவில்லை, பாவி. மறுநாள் காலையிலும் போன் போட்டாள், அதன்பிறகு தினமும் போட்டாள்.

விசாரணைக்குப் பெரியப்பா வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. போகிற போக்கில் அவளைப் பார்த்து, “சாப்டியாம்மா?” என்று கேட்டுவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போனார். அறைக் கதவு திறந்தே இருந்தது.

அதிகாரியம்மா எதிரில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டார். “எல்லாத்துக்கும் சரின்னு பதிவாகியிருக்கு. நீங்க சொன்னதுதானா?”

“நான் சொன்னதுதான். என் தம்பி மக அவ. அவ கேட்டு நான் வேணாம்னா சொல்லப்போறேன்?”

“அப்ப புகார் நிக்காதுங்க. வாபஸ்னு கையெழுத்துப் போட்டுடுங்க. ஆனா பணம் திரும்பக் கிடைக்காது.”

“போனா போகுது. பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?”

வாசலில் நின்ற முதலாளி போன உயிர் திரும்பி வந்தவராக முகத்தைத் துடைத்துக்கொண்டு, மின்னலைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பெரியப்பா திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். பெரியப்பா பேனாவைத் திறந்தார்.

என்ன செய்கிறோம் என்று மின்னல் யோசிக்கவே இல்லை. தினமும் பேசும் அதே பதிவாகும் போனை எடுத்து அவர் நம்பரைப் போட்டாள். அவர் சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தார். முழுச் சத்தத்தில் வைத்திருந்த போன். அவள் பேசினால் அறையில் அவரைத் தவிர எல்லாருக்கும் கேட்கும். உதடு தெரியாமலிருக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பெரியப்பா, நீங்க இருக்கற வீட்ட வித்து அந்தப் பணத்த நானே எடுத்துக்கறேன்.”

“சரிம்மா.”

அதிகாரியம்மா காகிதத்தை அவர் கைக்கு எட்டாமல் மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முதலாளி வாய்க்குள்ளேயே எதையோ சபித்தார். போயிற்று, லைசென்ஸ், சோறு போட்ட வேலை, எல்லாம் போயிற்று. ஆனாலும் காலையிலிருந்து முதல்முறையாக அவள் கால் பரபரக்கவில்லை. நேராக உள்ளே போய் அவர் எதிரில் குனிந்து, முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“பெரியப்பா, உங்களுக்குப் போன்ல காது கேக்கல. அது எனக்குத் தெரியும். பணம் திரும்பக் கிடைக்கும். கையெழுத்துப் போடாதீங்க.”

அவர் பேனாவை மூடினார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உதட்டை விட்டுவிட்டு, அவள் கண்ணைப் பார்த்தார்.

“தெரிஞ்சேதான் தினமும் போன் பண்ணியாம்மா?”