முதலில் கிண்ணம், பிறகு வட்டம்

பதினொரு மணிக்குத் திரை விலக்க வேண்டும். ஒன்பதரைக்கே நான் கல்லைப் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் மேல்முனையில், புடைவைக்கடைக்கும் பலசரக்குக்கடைக்கும் நடுவில் ஒரு பழைய சுவர். அதில் நினைவுக்கல் ஒன்றை ஒட்டுவதுதான் அன்றைய வேலை. கல், பிரிஜிட் டூஹி என்ற ஐரிஷ்காரிக்கு. நூற்றிருபது வருசத்துக்கு முன் இந்தச் சுவருக்குப் பின்னால் இருந்த சலவைச்சாலையில் ஈரத்துணி சுமந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரவல் சைக்கிளில் பந்தயம் ஓடியவள். பொம்பிளை சைக்கிளில் ஏறினாலே சனம் கூடி நின்று சிரித்த காலம் அது. நூறு கிலோமீற்றர் ஓட்டத்தில் இரண்டு தடவை முதலாவதாக வந்திருக்கிறாள். பேப்பர்க்காரர் ஒருமுறை 'சலவைக்காரி' என்று போட்டார்கள், மறுமுறை வேறு யாருடைய பேரையோ போட்டார்கள். விழுந்து இடுப்பு முறிந்த பிறகு பந்தயமும் இல்லை. திரும்பவும் ஈரத்துணிதான், சாகும்வரைக்கும்.

இதெல்லாம் எலோடி எழுதிக் கொடுத்த தாளில் இருந்தது. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவ அவ. இந்தக் கல்லுக்காகப் பதினொரு வருசம் நகரசபைக்கு நடந்தவ. நான் வாகனத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து தாளை வாசித்தேன். நாற்பத்தெட்டு வயதில் எழுத்துப் படித்தவன் நான், சொல்லை முழுதாக விழுங்க இன்னும் வராது. ஒவ்வொரு எழுத்தாகக் கடித்துக்கடித்துத்தான் போவேன். தாளில் அவளுடைய குடும்பப் பேரில் இரண்டாம் எழுத்து கிண்ணம் மாதிரி, மூன்றாவது வட்டம். கல்லில் முதலில் வட்டம், பிறகு கிண்ணம். பிரெஞ்சில் 'ஊ' சத்தத்துக்கு அப்படித்தான் சோடியாக வரும். வெட்டினவனின் கை தன்பாட்டில் போயிருக்கிறது.

"றஜீவன், இஞ்சை ஒருக்கால் வா."

றஜீவன் என்னோடு வேலை செய்பவன். குனிந்து பார்த்தான். "என்ன அண்ணை, சரியாத்தானே கிடக்கு?"

விரல் வைத்துக் காட்டினேன்.

"ஓம், மாறித்தான் கிடக்கு. விடுங்கோ. ஆர் பாக்கப் போறான்?"

"அவளின்ர பேர் அதில்லை."

"உங்கட பேர் மட்டும் அதுவோ?" என்றான்.

வேலையிடத்தில் எல்லாருக்கும் நான் சின்னத்தம்பி. அது என்னைப் பெற்ற அப்பரின் பேர். ஊர்வழக்கப்படி அப்பரின் பேரையும் என் பேரையும் சேர்த்துப் பதிவில் சொன்னேன், இங்கே அப்பர்தான் நிலைத்தார். மகேந்திரராசா வீட்டோடு சரி.

"உங்கட அப்பர் செத்து இருபது வருசம். இஞ்சை நாள்தோறும் ஏழு மணிக்கு வேலைக்கு வாறார். அதுக்கு வாய் திறக்காத ஆள், வெள்ளைக்காரிக்கு வக்காலத்தோ?"

தெருமுனை மட்டும் போனேன், திரும்பி வந்தேன். பிறகு அந்துவானிடம் சொன்னேன். அந்துவான் எங்கள் முதலாளி.

"சின்னத்தம்பி, நீ எப்ப வாசிக்கத் தொடங்கினாய்?" என்று சிரித்தான். "நகரசபைக்காரர் வரப்போகினம். ஒட்டு. பிழையெண்டால் பிறகு மாத்துவம்."

அந்தப் 'பிறகு' வராது. பசை இறுகினால் கல்லை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், உடைக்க ஒருவரும் வரமாட்டார்கள். என்னுடைய நிரந்தர வேலை ஒப்பந்தம் அவனுடைய வாகனத்தட்டில் கிடந்தது. வெள்ளிக்கிழமை கையெழுத்து வைப்பதாகச் சொல்லியிருந்தான்.

பசை குழைத்தேன். இறுக்குகிற மருந்து ஒரு மூடி விடவேண்டும், நான் நாலு மூடி விட்டேன். பாலத்தின் மேலே மெத்ரோ போவதைப் பார்த்தபடி ஆறுதலாகக் கிளறினேன். இரண்டாவது மெத்ரோ போனபோது தடி வாளியில் தானாக நின்றது. கொண்டுவந்த பசை அவ்வளவுதான்.

அந்துவான் வாளியைப் பார்த்தான். "அந்தக் கடதாசியில நான் கையெழுத்து வைப்பன் எண்டு நினையாதை," என்றான். றஜீவன் நிலத்தைப் பார்த்தான்.

அப்போது எலோடி வந்துவிட்டா. கல்லைத் தடவித் தடவி வாசித்தா. கண் கலங்கியது. "நல்ல வடிவாயிருக்கு, மிஸ்யு," என்றா. அவவுக்குமே தெரியவில்லை. நான்தான் பிழையோ என்று இன்னொருக்கால் பார்த்தேன். தாளைக் கல்லோடு சேர்த்துப் பிடித்து, இரண்டாம் எழுத்தில் விரலை வைத்தேன்.

தாளையும் கல்லையும் மாறிமாறிப் பார்த்தா.

"பதினொரு வருசம் எழுதின பேர்," என்றா. "நானே பாக்கேல்லை."

பதினொரு மணிக்கு வெறும் சுவரின் முன்னால் நின்று தாளை வாசித்தா. மெத்ரோ சத்தம் வந்தபோது நிறுத்தினா, சத்தம் அடங்கினதும் பேரை எழுத்தெழுத்தாகச் சொன்னா. மரக்கறிப் பைகளோடு நின்ற சனம், ஏன் எதற்கு என்று தெரியாமலே கைதட்டியது.

கல்லை வெட்டின பட்டறை திரான்சியில். திருப்பிக் கொண்டுபோனோம். நான் முன்னால் முழங்கால்களுக்கிடையில் கல்லைப் பிடித்திருந்தேன், றஜீவன் பின்னால். ஸ்டாலின்கிராட் சந்திச் சிவப்பு விளக்கில் அந்துவான் கேட்டான்.

"இந்த வருசம் எத்தினை கல் ஒட்டினம்?"

"பதினேழு."

"அதுகளை வாசிச்சனியோ?"

"ஒப்பிட்டுப் பாக்க ஆரும் தாள் தரேல்லை."

பச்சை விழுந்தது. அவன் அசையவில்லை, பின்னால் கோர்ன் அடித்தார்கள். தொலைபேசியில் பழைய வேலைத்தாள்களைத் தேடினான். பிறகு திரான்சிப் பாதையை விட்டு இடதுபக்கம் திருப்பினான்.

"முதலாவது எங்கை ஒட்டினது?"

பின்னாலிருந்து றஜீவன் சொன்னான்: "இண்டைக்கு வீட்டை போன மாதிரித்தான் அண்ணை."