மணிக்கட்டு வரை உறவு

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. பக்கத்து வீட்டுக் கல்யாணம். எதிரே உட்கார்ந்திருந்த சிவந்த மூக்குக்காரரிடம், மணப்பெண் உங்களுக்கு என்ன உறவு என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். கழுத்தைத் தொட்டு, "அண்ணன், தங்கச்சி" என்றார். தோளைத் தொட்டு, "அவங்க பிள்ளைங்க." முழங்கையைத் தொட்டு, "பேரப்பிள்ளைங்க." மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இங்கதான் நானும் பொண்ணும்" என்று முடித்துவிட்டு உருளைக்கிழங்குக்குத் திரும்பினார்.

இந்த மலையடிவாரத்தில் அந்தக் காலத்தில் உறவை இப்படித்தான் எண்ணினார்களாம். நம் ஊரை விட்டு இந்த வெள்ளைக்காரர் நாட்டுக்கு வாழ வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு யாரும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து, கால்மேஜோட்டைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: மழை கொட்டிய ஒரு மாலையில் கோட்டைக் கதவை யாரோ

வேண்டாம். மழையும் கதவும் எல்லார் கதையிலும் இருக்கின்றன.

இரண்டாவது: அல்டென்பாக்கின் கோமகன் தீட்மாருக்குத் தன் மனைவியை அறவே பிடிக்காமல்

இங்கேதான் தகராறு. ஆண் வாரிசு இல்லாத ராஜா என்றால் கொடுமைக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். ஆனால் தீட்மார் ஒத்துழைக்கவில்லை. மனைவியை அடி என்று எழுதினால், அவளுக்குப் பேரிக்காய் நறுக்கிக் கொடுக்கிறார். அவருக்கு ரிக்கென்சாவைப் பிடித்திருந்தது. அவளுக்கும் அவரைப் பிடித்திருந்தது. சந்தோஷமான தம்பதியை வைத்துக்கொண்டு கதை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் அவர்களைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் பிரிக்கிற வேலையைத் தீட்மாரின் தம்பியிடம் கொடுத்தேன்.

3

தம்பி பெயர் வெர்னர். தீட்மாருக்கும் ரிக்கென்சாவுக்கும் ஒரே மகள், யூட்டா. அந்த நாட்டில் மகளும் பட்டம் ஏறலாம். ஆனால் முறையான கல்யாணத்தில் பிறந்தவளாக இருக்க வேண்டும். கல்யாணமே செல்லாது என்று ஆகிவிட்டால் யூட்டாவுக்கு ஒன்றும் கிடையாது, பட்டம் வெர்னருக்கு.

கல்யாணத்தைச் செல்லாததாக்க சுலபமான வழி, புருஷனும் பெண்சாதியும் சொந்தக்காரர்கள் என்று காட்டுவது. (நம் ஊரில் மாமன் மகள் என்றால் உரிமை. அங்கே மாமன் மகள் என்றால் பாவம். இதை நினைத்து நான் நடுநடுவே சிரித்துக்கொள்கிறேன், நீங்களும் சிரிக்கலாம்.)

தீட்மாரின் கொள்ளுத்தாத்தா எபர்வின். ரிக்கென்சாவின் கொள்ளுப்பாட்டி அடேலா. இருவரும் அக்கா தம்பி. இவ்வளவுதான் கணக்கு, பயப்படாதீர்கள். கல்யாணத்தை ரத்து செய்கிற அதிகாரம் ஆயருக்கு, அதாவது பிஷப்புக்குத்தான். வெர்னர் போய் அவரை அழைத்துவந்தார்.

4

வெள்ளிக்கிழமை. மேசையில் ஆற்று மீன். சாப்பாட்டுக்கு நடுவிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

"அண்ணி மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் வெர்னர்.

"அண்ணி அண்ணின்னு கூப்பிட்டுக்கிட்டே அண்ணி இல்லேன்னு சொல்ல வந்திருக்கீங்க பாருங்க, இந்த மரியாதை வேற யாருக்கு வரும்?" என்றாள் ரிக்கென்சா.

ஆயர் தீட்மாரை எழுந்து நிற்கச் சொன்னார். கழுத்தில் கை வைத்தார். "எபர்வின், அடேலா." தோள். "அவங்க பிள்ளைங்க." தீட்மாருக்குக் கூச்சம் அதிகம், நெளிந்தார். முழங்கை. "பேரப்பிள்ளைங்க." மணிக்கட்டு. "நீங்களும் கோமகள் ரிக்கென்சாவும். மணிக்கட்டு வரைக்கும் கல்யாணம் கூடாது. அதைத் தாண்டி விரல்ல வந்திருந்தா எனக்கு இங்க வேலையே இல்ல."

"எங்க கல்யாணத்தப்போ பழைய பங்குச்சாமி எண்ணினாரே, ஆயர் ஆண்டவரே, விரல்லதானே வந்துச்சு?" என்றாள் ரிக்கென்சா.

"அவர் எங்கேருந்து ஆரம்பிச்சார்?"

"தோள்லேருந்து."

ஆயரின் புருவம் ஏறியது. தோளில் ஆரம்பிக்க ஒரே காரணம்தான் உண்டு. அப்பா ஒன்று, அம்மா வேறு என்றால் அக்காவும் தம்பியும் ஒரே கழுத்தில் நிற்க முடியாது; ஒரு மூட்டு கீழே இறங்க வேண்டும். (சரித்திரம் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தேவாலயச் சட்டத்தில் இதெல்லாம் செல்லாது என்பீர்கள். என் ஆயர் உள்ளூர்க்காரர், உள்ளூர் வழக்கப்படிதான் எண்ணுவார்.)

எபர்வினுக்கும் அடேலாவுக்கும் அம்மா வேறு என்பது அல்டென்பாக்கில் எல்லாருக்கும் தெரியும். அடேலா, பழைய கோமகனின் முதல் மனைவியான ராஜகுமாரியின் வயிற்றில் பிறந்தவள். எபர்வினைப் பெற்றவள் இரண்டாவது மனைவி. மாவு அரைக்கிறவர் மகள். ஆனால் அந்த வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. எபர்வினும் ராஜகுமாரி பிள்ளைதான் என்று பண்டிகைக்குப் பண்டிகை சொல்லிச் சொல்லி, பேரரசர் சபையில் முன்வரிசை ஆசனம்கூட வாங்கியாகிவிட்டது. அந்தக் கதையைக் கண் கலங்கச் சொல்வதில் தீட்மாரை மிஞ்ச ஆள் கிடையாது.

"ஏன் தோள்லேருந்து?" என்று ஆயர் ரிக்கென்சாவைக் கேட்டார்.

"அத நான் சொல்ல மாட்டேன். அவர் வீட்டு விஷயம், அவர்தான் சொல்லணும்."

வெர்னர் அண்ணன் காதோரம் குனிந்தார். "அண்ணா, வாயத் தொறந்தீங்க, நாளைக்கு சபையில கடைசி வரிசைதான். எனக்கும்தான், நம்ம பேருக்கும்தான். யோசிச்சுக்கோங்க."

5

இதை வாசித்த சிநேகிதி, "ரிக்கென்சாவுக்கு ஒரு ஆம்பளப் பிள்ளையக் குடுத்துடேன். வெர்னர் வாய் அடைஞ்சுடும்" என்றாள்.

மறு வருடம் வசந்தத்தில் கோமகளுக்கு ஓர் ஆண்

அடித்துவிட்டேன். கல்யாணமே செல்லாது என்றால் பையனுக்கும்தான் பட்டம் கிடையாது. பிள்ளை கொடுப்பது எழுதுகிறவளுக்கு ஒரு வரி வேலை. நிஜத்தில் அந்த ஒரு வரி அமையாமல் எத்தனை ராணிகள் கன்னியர் மடத்துக்குப் போனார்கள்! அதுவும் போக, யூட்டாவை எனக்குப் பிடித்துவிட்டது. தம்பி பிறந்தால் அவள் கதையிலிருந்தே காணாமல் போவாள்.

இன்னொரு முடிவு: தீட்மார் பேசாமல் நிற்கிறார். ரிக்கென்சா மடத்துக்குப் போகிறாள். முன்வரிசை ஆசனம் பிழைக்கிறது. இதை முழுசாக எழுதினேன், நன்றாகத்தான் வந்தது. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது.

மற்றொன்று: "மாவு அரைக்கிறவர் வம்சம்தான் நான்" என்கிறார் தீட்மார். மண்டபம் சிரிக்கிறது. வெர்னர்

6

இல்லை, அவர் என்ன சொன்னார் என்று நான் எழுதப்போவதில்லை. எதை எழுதினாலும் அவரை நான் தள்ளிவிட்டதாக இருக்கும். தானாகச் சொல்ல வேண்டியவர் அவர்.

ஆயர் கையை மறுபடி கழுத்துக்குக் கொண்டுபோய், "இங்கேருந்துதானே, கோமகனே?" என்று கேட்டுவிட்டார். தீட்மார் தம்பியைப் பார்த்தார். முன்வரிசையை நினைத்தார். வாயைத் திறந்துவிட்டார். ஆயரின் கை கழுத்திலேயே இருக்கலாமா, தோளுக்கு இறங்கலாமா என்பதை இனி நீங்கள் சொல்லுங்கள்.

நான் கவனித்ததை மட்டும் சொல்கிறேன். மண்டபத்தில் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ரிக்கென்சாவைத் தவிர. அவள் கணவனின் தட்டைத் தன் பக்கம் இழுத்து, மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.